வளையல் அளவில் ஒரு துப்பாக்கி

ஆயுத அறையில் என் மேஜை இழுப்பறைக்குள் நான்கு கண்ணாடி வளையல்கள் கிடந்தன. நான்கும் நான்கு அளவு, நான்கு நிறம். ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒரு கடையில் நானே போய் வாங்கியவை. வருடாந்தரச் சோதனைக்கு வந்த போலீஸ் அதிகாரி துப்பாக்கிகளின் எண்களையெல்லாம் சரிபார்த்துவிட்டுக் கடைசியாக அந்த இழுப்பறையைத் திறந்தார். ஒரு வளையலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஷூ ஹாதா?" என்றார், இது என்ன என்று. "மெஷர்மென்ட், சார்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அடுத்தவன் குடும்ப விவகாரத்துக்குள் தெரியாமல் தலையை நீட்டிவிட்டவர் போல இழுப்பறையை மெதுவாக மூடினார். நான் சொன்னது முழு உண்மை. உண்மையைச் சொல்லி அசடு வழிவது எனக்கு எப்போதும் கைவந்த கலை.

அமீரகத்தில், நகரம் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இருந்த ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் நான் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். தமிழில் எம்.ஏ. படித்தவன். வில், வேல், வாள் என்று எந்த ஆயுதத்தைக் கேட்டாலும் நாலு பெயர் சொல்வேன், எதையும் தொட்டதில்லை. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் ஊசிப்பட்டாசு வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்கிறவன். இப்படிப்பட்டவனிடம் ஆயுத அறைச் சாவியைக் கொடுத்தது மேனேஜரின் தொலைநோக்கு என்றுதான் சொல்ல வேண்டும். நான் சுட்டுவிடுவேன் என்ற கவலை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அந்தக் கிளப்பின் ரிசப்ஷனில் இருந்தவரை எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். நாற்பது வயதிருக்கும். தினமும் அஜ்மானிலிருந்து மாதக் காசுக்கு ஆள் ஏற்றும் கார் லிஃப்டில் நாலு பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு வருவார்; இறங்கும்போது சேலை மட்டும் இப்போதுதான் இஸ்திரி போட்டதுபோல இருக்கும். மகளும் மாமியாரும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை அந்த நாட்களில் சண்டையால் மூடிக் கிடந்தது. இவருடைய சம்பளம் நின்றால் அந்த அறையும் போகும். திரும்பிப் போவதற்கு வீடு என்று ஒன்று இல்லை. கணவரைப் பற்றி நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அந்த வருடம் கோடையில் ஒரு செய்தி வந்தது. ரிசப்ஷனை வெளிக் கம்பெனி ஒன்றுக்குக் காண்ட்ராக்ட் விடப்போகிறார்கள். ரமலான் முடிந்ததும் டீச்சருக்கு விசா கேன்சல். கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. பெண்களுக்கென்று வாரத்தில் ஒரு நாள் தனியாக ஒதுக்கப்போகிறார்கள். உள்ளே ஆண் வாடையே கூடாது, ஆகவே சொல்லித்தருகிறவரும் பெண்ணாக இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸிலிருந்து ஆள் எடுக்கலாமா என்று மேனேஜர் யோசித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் அவர் அறைக்குள் போய், "நான் செய்யிறன்" என்று சொல்லிவிட்டு வந்தார். சுடும் பரீட்சையில் தேறினால் வேலை என்றார் மேனேஜர். தேறுவார் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அன்று மதியம் டீச்சர் நேராக ஆயுத அறைக்கு வந்தார். "அண்ணை, துவக்கு எங்க?" என்றார்.

எங்கே துவக்குவது என்று கேட்கிறார் போலும் என்று நினைத்தேன். "முதல்ல உக்காருங்க டீச்சர். துவக்குறதுன்னா முறையா துவக்கணும்" என்று ஆரம்பித்து, பயிற்சியின் படிநிலைகளைப் பற்றி எனக்குத் தெரியாததையெல்லாம் ஐந்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. நான் பழக வேண்டிய துவக்கு எங்க?" என்றார். அவர்கள் ஊரில் துப்பாக்கிக்குப் பெயரே துவக்கு என்பது அப்போதுதான் உறைத்தது. தமிழில் எம்.ஏ.

சுடச் சொல்லித்தர உஸ்தாத் இருந்தார். பாகிஸ்தான் ராணுவத்தில் ஓய்வு பெற்றவர், ஆறடிக்கு மேல், கையை விரித்தால் பரோட்டாக் கல் மாதிரி இருக்கும். டீச்சரை மரியாதையாக பாஜி என்பார், அக்கா என்று அர்த்தம். என்னை முன்ஷி ஜி என்பார், கணக்குப்பிள்ளை என்று அர்த்தம். மரியாதை எவ்வளவு என்பது அவருக்குத்தான் தெரியும். துப்பாக்கி மாறாது, கைதான் மாற வேண்டும் என்பது அவருடைய வேதம். "ஹாத் கோ சம்ஜாவோ" என்பார். கைக்குச் சொல்லிப் புரியவை. கிளப்பில் எல்லோருக்கும் கொடுக்கும் பெரிய கைத்துப்பாக்கியையே டீச்சரிடமும் கொடுத்தார். அதன் பிடி செங்கல் தடிமன். டீச்சரின் விரல் விசையை எட்ட வேண்டுமானால் உள்ளங்கையைச் சுற்றி அதை ஒருக்களித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. விரல் நுனி மட்டும் விசையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்க, ஒவ்வொரு குண்டும் இடது பக்கம் ஓடியது. ஒரு வாரம், பத்து நாள், அதே இடது பக்கம். டீச்சரின் கைக்கு உருதில் எவ்வளவு சொல்லியும் புரியவில்லை.

இந்த நேரத்தில்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பெண்கள் பிரிவுக்குச் சின்னத் துப்பாக்கியாக நாலு வாங்க வேண்டும். பெயர் கொடுத்திருக்கும் பெண்களின் கை அளவைப் பார்த்து நீயே தேர்ந்தெடு என்றார். என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் உள்ளூர்ப் பெண்கள். அவர்களிடம் போய், உங்கள் கையைக் கொஞ்சம் நீட்டுங்கள், அளந்துகொள்கிறேன் என்று ஒரு தமிழன் டேப்பை எடுத்தால், அவன் அதன்பிறகு எந்த ஊரில் ஸ்டோர்கீப்பராக இருப்பான்? இரவெல்லாம் யோசித்தேன். விடிந்தபோது விடை கிடைத்தது. வளையல்!

நம் ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தன் கை அளவு தெரியும். ரெண்டு நாலு, ரெண்டு ஆறு, ரெண்டு எட்டு. தொட வேண்டாம், அளக்க வேண்டாம். நான்கு அளவில் நான்கு வளையல் வாங்கி ரிசப்ஷனில் வைத்துவிட்டால், வருகிறவர்கள் தாங்களே போட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இவ்வளவு நாகரிகமான யோசனை எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. டீச்சரிடம் போய், "உங்க வளையல் அளவு என்ன?" என்றேன்.

"என்னது, காப்போ?" என்றார்.

காப்பு மாட்டுவது என்றால் எங்கள் ஊரில் போலீஸ் மாட்டுவது. ஆயுத அறைக்காரனிடம் திடீரென்று கேட்கிற கேள்வியா இது? அவர்கள் ஊரில் வளையலுக்குக் காப்பு என்று பெயர் என்பதை அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் யோசனையைச் சொன்னதும் டீச்சருக்கும் அது பிடித்துப்போனது. வந்த பெண்களையெல்லாம் அவரே போட்டுப் பார்க்கச் சொன்னார். அவர்களும் சிரித்துக்கொண்டே போட்டுப் பார்த்தார்கள். ஒருவர் பச்சை வளையலை விலைக்குக் கேட்டாராம். பெரும்பாலோர் ரெண்டு நாலு. டீச்சரும் ரெண்டு நாலு. ரெண்டு நாலு என்றால் சின்னக் கை, சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்று கேட்லாக்கிலேயே ஆகச் சிறியதாக நாலு வரவழைத்தேன். சட்டைப் பையில் போட்டால் சீப்பு போலக் கிடக்கும். மேனேஜர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

டீச்சர் அதில் சுட்ட முதல் நாளை என்னால் மறக்க முடியாது. பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம். சுண்டுவிரல் காற்றில் தொங்கியது. சின்னத் துப்பாக்கி சாதுவாக இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். அதுவோ பெரியதைவிட மோசமாக உதைத்தது. எடை இல்லாததால் உதையெல்லாம் கைக்கே வந்துசேர்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் வழன்று சிவந்துவிட்டது. விரல் விசைக்குள் நுழைந்து இரண்டாவது கணு வரைக்கும் போய்விட, இதுவரை இடது பக்கம் ஓடிய குண்டுகள் இப்போது வலது பக்கம் ஓடின. உஸ்தாத் இலக்குத் தாளைப் பார்த்தார். "பாஜி, லெஃப்ட் கதம், ரைட் ஷுரூ" என்றார், இடது முடிந்தது, வலது தொடங்கியது என்று. பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது.

மறுநாள் காலை டீச்சர் அந்த வளையல்களோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார். கையை மொட்டுப்போலக் குவித்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, ரெண்டு நாலு வளையலை வழுக்கிக்கொண்டு ஏற்றினார். பிறகு கையை விரித்து மேஜைமேல் வைத்தார். அப்போதுதான் பார்த்தேன். விரல்கள் ஒன்றும் குட்டை இல்லை. போர்டில் எழுதி எழுதி நீண்டவைபோல இருந்தன.

"காப்புக்கு என்ர விரல் நீளம் தெரியாது அண்ணை. கை எவ்வளவு மடியும் எண்டு மட்டும்தான் அதுக்குத் தெரியும். நாங்கள் ரெண்டு பேரும் பிழையான கணக்கைச் சரியாச் செய்திருக்கிறம்."

நாலு துப்பாக்கியில் இரண்டு இன்னும் பெட்டி பிரிக்காமல் இருந்தன. விற்றவர் மாற்றிக் கொடுப்பார். ஆனால் மாற்றுவதற்கு உஸ்தாத் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மாட்டேன் என்றார். இன்றைக்கு இது சரியில்லை, நாளைக்கு அது சரியில்லை, கை பழகினால் எல்லாம் வரும் என்றார். டீச்சர் என்னிடம், "உஸ்தாத்தை இந்தச் சின்னதில ஒருக்காச் சுடச் சொல்லுங்கோ" என்றார். என் ஹிந்தி சந்தையில் தக்காளி வாங்கப் போதுமானது. அதை வைத்து எப்படியோ சொன்னேன். உஸ்தாத் சிரித்துக்கொண்டே வாங்கினார். அந்தக் கைக்குள் துப்பாக்கி போன இடம் தெரியவில்லை. வெறும் முஷ்டியை நீட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. ஐந்து முறை சுட்டார். தாளைக் கொண்டுவந்தார்கள். ஐந்தும் வலது பக்கம். முப்பது வருடம் சுட்ட மனிதர்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "உஸ்தாத், ஹாத் கோ சம்ஜாவோ" என்றேன்.

முறைத்தார். பிறகு துப்பாக்கியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "சாலா, கம்பக்த் சீஸ்" என்று அதைத் திட்டிவிட்டுப் பேனாவைக் கேட்டார்.

துப்பாக்கி விற்பவர் பெய்ரூட்காரர். வாசனைத் திரவியம் அவருக்கு முன்னால் அறைக்குள் வரும். அலுமினியப் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு மாதிரிகளோடு வந்தார். வந்ததும் வெள்ளிநிறத்தில் வெள்ளைப் பிடி போட்ட ஒன்றை எடுத்து, "ஃபார் லேடீஸ், மேடம். வெரி கியூட்" என்று நீட்டினார். டீச்சர் அதை வாங்கவில்லை. என்னிடம் திரும்பி, "வடிவா இருக்கிறதெண்டால் தோடு வாங்குவன். இதுக்கு வடிவு என்னத்துக்கு?" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அவர் தேர்ந்தெடுத்த விதத்தை இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். உஸ்தாத் ஒவ்வொன்றாக எடுத்து, குண்டுப் பெட்டியை உருவி, உள்ளே காலி என்று திறந்து காட்டுவார். அவர் காட்டியது போதாதென்று டீச்சர் தானும் ஒருமுறை திறந்து பார்ப்பார். பிறகு குண்டு தாங்கும் மணல் சுவரைப் பார்த்து நிற்பார். முதலில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவட்டையைப் பிடியின் உச்சியில் அழுத்தி வைப்பார். குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் வருகிறதா என்று என்னைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்வார். கோடு கோணினால் அது திரும்பப் பெட்டிக்குள் போகும். கோடு சரியென்றால், பிடியை அசைக்காமல் ஆள்காட்டி விரலை விசையில் வைத்துப் பார்ப்பார். நுனியும் கூடாது, கணுவும் கூடாது. முதல் கணுவுக்கு மேலே சதைப்பற்றான இடம் தானாக வந்து படிய வேண்டும். பிறகு சுண்டுவிரலுக்கு இடம் இருக்கிறதா, மேல்மூடியைத் தன் பலத்தில் பின்னுக்கு இழுக்க முடிகிறதா என்று பார்ப்பார். எல்லாம் சரியென்றால் கண்ணை மூடிக்கொண்டு கையை இறக்கி, மறுபடி உயர்த்தி, கண்ணைத் திறப்பார். நினைத்த இடத்தை அது பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஜவுளிக்கடையில் மொத்தக் கடையையும் இறக்கவைத்துவிட்டு, வேறே காட்டுங்கோ என்று சொல்லும் அதே முகம்.

மதியத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. உஸ்தாத் கடிகாரத்தைப் பார்த்தார். பெய்ரூட்காரர் மூன்றாவது சுலைமானி டீயைக் குடித்துவிட்டு, "கலாஸ், மேடம்?" என்றார், முடிந்ததா என்று. எனக்கே பொறுமை போய்விட்டது. "டீச்சர், ஏதாவது ஒண்ண எடுத்துருங்க. இவ்வளவு பாக்கணுமா?" என்றேன்.

அவர் கையிலிருந்ததை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார். "எங்கட ஊரில ஆரும் துவக்கைத் தெரிவு செய்யேல்லை அண்ணை. துவக்குத்தான் ஆக்களைத் தெரிவு செய்தது. இப்ப நான் தெரிவு செய்யிறன். கொஞ்சம் ஆறுதலாச் செய்ய விடுங்கோ."

ஆறுதலாக என்றால் அவர்கள் தமிழில் நிதானமாக என்று பொருள். எங்கள் தமிழில் வேறு பொருள். அந்த நிமிடத்தில் இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. "க்யா போல் ரஹீ ஹை?" என்றார் உஸ்தாத், என்ன சொல்கிறார் என்று. "டைம் சாஹியே" என்றேன். நேரம் வேண்டுமாம். அவ்வளவுதான் என் ஹிந்தி. உஸ்தாத் டீச்சரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, தொழுதுவிட்டு வருகிறேன், பாஜி மெதுவாகப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் டீச்சர் எடுத்தது பெட்டியின் அடியில் கிடந்த, பெய்ரூட்காரர் காட்டக்கூட நினைக்காத ஒன்று. கறுப்பு. பெரியதும் இல்லை, ஆகச் சிறியதும் இல்லை. பிடி ஒல்லி, ஆனால் மூன்று விரலும் உட்காரும் நீளம். கையில் வைத்ததுமே டீச்சரின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். "இதுதான்" என்றார். அதே மாதிரியில் இன்னொன்றும் எடுத்துக்கொண்டோம்.

பரீட்சைக்கு மீதி இருந்த நாளெல்லாம் அதிகாலையில், கார் லிஃப்டுக்கு முன்பே டாக்ஸி பிடித்து வந்து பழகினார். டூட்டி தொடங்குமுன் ஒரு மணி நேரம். இடதும் இல்லை, வலதும் இல்லை. குண்டுகள் ஒவ்வொரு நாளும் நடுவை நோக்கி நகர்ந்தன. பரீட்சை அன்று மேனேஜரும் வந்து நின்றார். பத்தில் எட்டு கறுப்பு வட்டத்துக்குள் விழ வேண்டும். ஆறாவதில் காலித் தோட்டா வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. டீச்சர் குழலை மணல் சுவரைவிட்டு அசைக்காமல் இடது கையைத் தூக்கி அறிவித்தார். குண்டுப் பெட்டியை உருவினார், மேல்மூடியை இழுத்து உதறினார், மறுபடி மாட்டினார், சுட்டார். சாக்பீஸ் முறிந்தால் வேறொன்றை எடுத்து விட்ட இடத்திலிருந்து எழுதுகிற மாதிரி. உஸ்தாத் தாளைக் கழற்றிக்கொண்டு நடந்து வரும்போதே விரல்களை உயர்த்திக் காட்டினார். ஒன்பது.

நான் கைதட்டினேன். டீச்சர் துப்பாக்கியைத் திறந்து, காலி என்று பார்த்து, மேஜையில் வைத்து, காது மூடியைக் கழற்றினார். சிரிக்கவில்லை. "அண்ணை, மேனேஜரிட்டக் கேளுங்கோ. விசா எப்ப மாத்துவினம்?" என்றார்.

பெண்கள் நாளில் எங்களுக்கு உள்ளே இடமில்லை. உஸ்தாத்தும் நானும் வெளியே பெஞ்சில் தேநீரோடு உட்கார்ந்திருப்போம். உள்ளேயிருந்து டீச்சரின் குரல் கேட்கும். ஆங்கிலமும் அரபியும் கலந்து, கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டுகிற குரல். புதிதாக யார் வந்தாலும் முதல் அரைமணி நேரம் வெடிச்சத்தமே வராது. கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். உஸ்தாத்தும் மெல்ல மெல்ல ஆண்களின் கைகளைப் பார்க்க ஆரம்பித்தார். வேதத்தை மாற்றியதாக அவர் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் ஊர் திரும்பிப் பல வருடம் ஆகிறது. இங்கே என் கைக்குச் சரியாகப் பொருந்துவது டிவி ரிமோட் ஒன்றுதான். அதுவும் என் கைக்கு வருவதில்லை. கடையில் எதையாவது எடுத்துப் பார்க்கும்போது, வேண்டாத பொருளாக இருந்தாலும், நிதானமாகக் கையில் வைத்துப் பார்க்கிறேன். கடைக்காரர்களுக்கு என்னைப் பிடிப்பதில்லை. டீச்சரை நினைத்தால் எனக்கு அந்தப் பரீட்சையைவிட, அடுத்த வருடம் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

பள்ளி விடுமுறைக்கு மகள் விசிட் விசாவில் வந்திருந்தாள். பதினைந்து வயது. அம்மாவின் உயரம். ஒரு வியாழக்கிழமை கிளப்பைப் பார்க்க அழைத்து வந்தார். உஸ்தாத்துக்குத் தலைகால் புரியவில்லை. பேரீச்சம்பழம் கொடுத்தார், ஜூஸ் வாங்கிவரச் சொன்னார். பாஜியின் மகள் என்றால் சுடாமல் போகலாமா என்று ஆயுத அறைக்கே கூட்டிவந்துவிட்டார். அலமாரியைத் திறக்கச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். "பேட்டி, ஹாத் திகாவோ" என்றார். கையைக் காட்டம்மா, எது சரியாக வரும் என்று பார்ப்போம்.

அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே வலது கையை நீட்டினாள். நீண்ட விரல்கள். உஸ்தாத் குனிந்து பார்க்குமுன் டீச்சர் ஓரடி முன்னால் வந்தார். மகளின் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் எடுத்துக்கொண்டார்.

"இந்தக் கைக்கு ஒண்டும் சரியா வராது, உஸ்தாத்" என்றார், தமிழிலேயே.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். உஸ்தாத் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அலமாரிக் கதவைத் தானே சாத்தினார்.